இரத்த அழுத்த மாத்திரையும் தலைச்சுற்றலும்

உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கத் தொடங்கும் முதல் சில வாரங்களில் சிலருக்குக் கிறுகிறுப்பு, தலை லேசாவது போன்ற உணர்வு, எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருதல் ஆகியவை ஏற்படுகின்றன. மாத்திரையின் அளவைக் கூட்டும்போதும், இருக்கும் மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்க்கும்போதும் இவை வரலாம். பெரும்பாலானோருக்கு இவை வருவதில்லை. வந்தவர்களிலும் பலருக்கு, உடல் புதிய அழுத்தத்துக்குப் பழகிய பின் சில வாரங்களில் குறைந்துவிடுகின்றன. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒரு சாரார் தலை சுற்றுகிறது என்று மாத்திரையையே நிறுத்திவிடுகின்றனர். மற்றொரு சாரார் யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டு, ஒருநாள் குளியலறையில் விழுகின்றனர். முதல் தவறு பக்கவாதத்துக்கும் இரண்டாவது இடுப்பெலும்பு முறிவுக்கும் வழி வகுக்கக்கூடும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு நடத்தப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைக் காட்டியது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினரே. நோய் இருப்பதே தெரியாதவர்கள் பலர். தெரிந்தும் மாத்திரையைத் தொடராதவர்களும் உண்டு. இந்த இடைவெளியைக் குறைக்கவே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகத்து 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஏற்கெனவே நோய் உறுதி செய்யப்பட்டவர்களுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கின்றனர். தொற்றா நோய்களுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் பல்துறைப் பணிக்குழு 2024இல் இத்திட்டத்துக்கு விருது வழங்கியது.

தாம்பரம் பகுதிக்கு இதில் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளும் இணைந்து மாநகராட்சியான இந்த வட்டாரத்தில், ஓய்வு பெற்ற பின் வீடு கட்டிக் குடியேறியவர்கள் நிறைய. ஒரே வீட்டில் அரசுத் திட்டத்தின் மாத்திரை, தெருமுனைத் தனியார் மருத்துவர் எழுதிய மாத்திரை, வெளியூரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய மாத்திரை என மூன்றும் ஒரே டப்பாவில் கிடக்க வாய்ப்புண்டு. தலைச்சுற்றலுக்கு முதலில் ஆராய வேண்டிய இடம் உடலன்று, அந்த டப்பாதான். இதைப் பற்றிப் பின்னர்.

எழுந்து நிற்கும்போது நடப்பது

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் புவியீர்ப்பால் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றின் அடிப்பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் அந்த நொடியில் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் இதை உடனே கண்டுகொண்டு மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. கால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடுவதால் நலமாக இருப்பவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிவதில்லை.

மாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தாலோ குழாயில் விசை குறைந்தாலோ கீழ்த்தளத்துக் குழாயில் நீர் வந்துகொண்டுதான் இருக்கும். தொட்டிக்கு மிக அருகிலுள்ள மேல்மாடிக் குழாய்தான் முதலில் சொட்டத் தொடங்கும். நிற்கும் மனிதனின் உடலில் மேல்மாடி என்பது மூளை. உடலின் விசை சிறிது குறையும்போது கையும் காலும் முறையிடுவதில்லை. மூளை உடனே முறையிடுகிறது. அந்த முறையீடுதான் கிறுகிறுப்பு.

இரத்த அழுத்த மாத்திரைகள் இந்தச் சீரமைப்பின் ஏதோ ஒரு கண்ணியில் கைவைத்தே வேலை செய்கின்றன. ஒன்று குழாயை விரிக்கிறது. ஒன்று நீரைக் குறைக்கிறது. இன்னொன்று இதயத்தின் வேகத்தைத் தடுக்கிறது. ஆகவே எழுந்து நிற்கும் நொடியில் உடல் வழக்கமாகக் காட்டும் சுறுசுறுப்பு சற்றே மந்தமாகிறது. முதுமையில் அழுத்த உணர்விகளின் கூர்மை ஏற்கெனவே குறைந்திருப்பதால் அவர்களுக்கு இது அதிகம். நெடுநாள் நீரிழிவினால் தன்னியக்க நரம்புகள் பழுதுபட்டவர்களுக்கு இன்னும் அதிகம்.

படுத்த அல்லது அமர்ந்த நிலையிலிருந்து எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம் எனப்படுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒருமுறை, நின்ற முதல் நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை அழுத்தம் பார்த்தால் போதும். கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் உட்கார வைத்து ஒருமுறை மட்டும் பார்ப்பதே வழக்கமாகிவிட்டதால் இந்தச் சிறு சோதனை விட்டுப்போகிறது. வீட்டில் கருவி இருப்பவர்கள் தாமே பார்த்து எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டலாம். நிற்கும்போது அளப்பவர் விழுந்துவிடாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும்.

இயல்பான அழுத்தத்திலும் தலை சுற்றுவது ஏன்

பலரையும் குழப்பும் கேள்வி இது. மாத்திரைக்கு முன் 180 இருந்தபோது எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போது 130தான், ஆனால் தலை சுற்றுகிறது. ஆகவே ‘என் உடம்புக்கு 180தான் சரி’ என்ற முடிவுக்கு வருகின்றனர்.

மூளை தனக்கு வரும் இரத்த ஓட்டத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. அழுத்தம் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் தன் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் ஓட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். ஆனால் பல ஆண்டுகள் உயர் அழுத்தத்திலேயே இருந்தவருக்கு அந்த வரம்பு முழுவதும் மேல்நோக்கி நகர்ந்திருக்கிறது. அவருடைய மூளைக் குழாய்கள் உயர்ந்த அழுத்தத்துக்கென்றே தடித்துப் போயிருக்கின்றன. அழுத்தம் மளமளவென்று இறங்கினால், மற்றவருக்கு இயல்பான அளவுகூட அவருக்குத் தாழ்வாகப்படுகிறது. மெதுவாக இறக்கினால் வாரக் கணக்கில் அந்த வரம்பும் கீழ்நோக்கித் திரும்பி வருகிறது. ‘உடம்புக்கு 180தான் சரி’ என்பது உண்மையன்று. உடம்பு 180க்குப் பழகிவிட்டது என்பதே உண்மை. அந்தப் பழக்கம் நீடிக்கும் வரை இதயமும் சிறுநீரகமும் கண்ணின் விழித்திரையும் விலை கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

மருத்துவர்கள் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதன் காரணம் இதுவே. மாத்திரை தொடங்கியபோதும் மாற்றியபோதும், இலக்கை எட்டும் வரை மாதம் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஒரு வாரத்தில் குறையவில்லை என்று மருத்துவரை மாற்றுபவர்கள், புதிய மருத்துவர் அளவைக் கூட்டியதும் தலைச்சுற்றலோடு மூன்றாமவரிடம் போகின்றனர். முதல் மாத்திரை முழு வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும்.

மாத்திரைக்கு மாத்திரை வேறுபாடு

தமிழ்நாட்டில் மிகுதியாகப் பயன்படும் அம்லோடிபின் இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து. உடலில் இதன் அளவு பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. தினமும் எடுத்தால் ஏழெட்டு நாளில்தான் உடலில் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆகவே இதனால் வரும் கிறுகிறுப்பு முதல் நாளே வராமல் ஒரு வாரம் கழித்து மெல்லத் தலைகாட்டலாம். நேற்று எடுக்க மறந்துவிட்டதற்காக இன்று இரண்டாக விழுங்குவது இந்த மருந்தில் தேவையற்றது. நேற்றையதன் மிச்சம் உடலில் இருந்துகொண்டிருக்கிறது. கணுக்கால் வீக்கமும் இதன் பக்கவிளைவே.

டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை ஆஞ்சியோடென்சின் என்னும் வேதிப்பொருளின் வழியை அடைக்கின்றன. உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது இந்த ஆஞ்சியோடென்சின்தான். எனவே வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வியர்வை ஆகியவற்றால் உடல் வற்றியிருக்கும்போது இம்மாத்திரைகளை எடுத்தால் அழுத்தம் சட்டென்று சரியலாம். இந்த மருந்துக் குடும்பம் பிறந்த கதை சுவையானது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சில், இரத்த அழுத்தத்தைச் சரிக்கும் தன்மையை ஆராய்ந்ததன் தொடர்ச்சியாகவே இக்குடும்பத்தின் கேப்டோபிரில் உருவாகி 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பாம்போடு தொடர்புடைய இன்னொரு மருந்து இந்தியாவிலிருந்தே சென்றது. சர்ப்பகந்தா வேரின் பயனை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டனின் இதயநோய் இதழில் எழுதினார். அந்த வேரிலிருந்து 1952இல் ரெசெர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகளால் அது பின்னர் பின்தள்ளப்பட்டது.

ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் ஆகியவை உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுபவை. இவற்றால் வரும் தலைச்சுற்றலுக்கு இரத்தத்தில் சோடியம் குறைவது காரணமாக இருக்கக்கூடும். முதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சோடியம் குறைந்தால் தள்ளாட்டத்துடன் குழப்பமான பேச்சும் தூக்கக் கலக்கமும் வரும். வீட்டார் அதை ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடக் கூடாது. சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தும்விடும்.

அட்டெனலால், மெட்டோபிரலால் ஆகியவை இதயத் துடிப்பைக் குறைக்கின்றன. இவற்றை எடுப்பவருக்குத் தலை சுற்றும்போது மணிக்கட்டில் நாடி பார்ப்பது நல்லது. நிமிடத்துக்கு 50க்கும் கீழே இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவற்றைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறி நெஞ்சுவலி வரலாம். குளோனிடினும் இப்படித்தான். தலைச்சுற்றலுக்குப் பயந்து நிறுத்தியவர் அதைவிடப் பெரிய ஆபத்தில் மாட்டிக்கொள்வது இத்தகைய மருந்துகளில்தான்.

பிரசோசின் முதல் மாத்திரையிலேயே மயக்கம் உண்டாக்குவதற்குப் பெயர்போனது. அதனால்தான் மிகக் குறைந்த அளவில், படுக்கப் போகும்முன் தொடங்கச் சொல்கின்றனர். முதிய ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கத்துக்காகத் தரப்படும் டாம்சுலோசினும் இதற்கு உறவுமுறை மருந்தே. சிறுநீரகப் பாதை மருத்துவர் எழுதியது, இதய மருத்துவருக்குத் தெரியாமல் இருப்பது நடக்கக்கூடியது. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, மனநலத்துக்கும் தூக்கத்துக்குமான சில மாத்திரைகள், மது ஆகியவையும் நிற்கும்போது அழுத்தத்தைச் சரிக்கின்றன.

சானடோரியமும் ஒரு மருந்துக் கணக்கும்

தாம்பரம் சானடோரியம் என்பது இன்று ஒரு ரயில் நிலையத்தின் பெயர். அப்பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் நிறுவினார்; 1937இல் அது அரசு வசமானது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுவே. காசநோய்க்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் அம்லோடிபின் வேகமாகச் சிதைந்து அதன் பலன் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது, மருத்துவர் அம்லோடிபின் அளவைக் கூட்டவோ இன்னொன்றைச் சேர்க்கவோ நேர்கிறது. ஆறு மாதச் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும் சுமார் இரண்டு வாரங்களில் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் கூட்டிய மாத்திரை அப்படியே தொடர்கிறது. ‘டிபி குணமான பிறகு தலை சுற்றுகிறது, உடம்பில் பலமில்லை’ என்பவரின் குறைக்கு டானிக் மருந்தாகாது. மாத்திரை அளவை மறுபடி பார்க்க வேண்டும். இதற்கு எதிர்த்திசையில், நெஞ்சுச் சளிக்குத் தரப்படும் கிளாரித்ரோமைசின் அம்லோடிபினின் சிதைவைத் தடுத்து இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடுகிறது.

அதே சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதன் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனையும் உள்ளன. இரு மருத்துவ முறைகளையும் சேர்த்துப் பின்பற்றுபவர்கள் இரு மருத்துவரிடமும் அதைச் சொல்லிவிடுவது நல்லது. கடைகளில் கேள்வி கேட்காமல் கிடைக்கும் ‘பிபி சூரணங்களில்’ என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரையோடு சேர்ப்பது வேறு விஷயம். அதற்கு எந்த மருத்துவ முறையும் பொறுப்பேற்காது.

டப்பாவைக் கொட்டிப் பார்த்தல்

அம்லோடிபின் ஒரு மருந்துதான். ஸ்டாம்லோ, அம்லாங் என்று பல வணிகப் பெயர்களில் கிடைக்கிறது. அரசு வழங்கும் அட்டையில் மருந்தின் பெயரே பெரிதாக இருக்கும். தனியார் கடையில் வாங்கியதில் வணிகப் பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் சிறிய எழுத்திலும் இருக்கும். நிறமும் வடிவமும் வேறு. இரண்டும் ஒன்றே என்று அறியாமல் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும் எடுத்தால் 5 மி.கி. என்பது 10 மி.கி. ஆகிவிடும். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் கவனத்துக்குரியவை. டெல்மிசார்ட்டான் மாத்திரையின் பெயரோடு ‘ஏஎம்’ இருந்தால் அதில் அம்லோடிபினும், ‘எச்’ இருந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்திருக்கின்றன. அந்த எழுத்தைக் கவனிக்காமல் தனி அம்லோடிபினையும் தொடர்வது இரட்டை அளவுதான். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டி, பின்பக்கச் சிற்றெழுத்தைப் படித்து ஒரு தாளில் எழுதினால் அரை மணியில் முடியும் வேலை இது. மருந்தாளுநரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சுற்றுவது எல்லாம் மாத்திரையால் அன்று

தமிழில் தலைச்சுற்றல், கிறுகிறுப்பு, கிறக்கம், மயக்கம் எனப் பல சொற்கள் இருந்தும், மருத்துவரிடம் பெரும்பாலும் ‘தலை சுத்துது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எது என்பதைப் பிரித்துச் சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். அழுத்தக் குறைவால் வருவது எழுந்ததும் தலை லேசாகிக் கண் இருட்டுவது, உட்கார்ந்தால் தணியும். படுக்கையில் புரளும்போதோ பரணைப் பார்க்க அண்ணாரும்போதோ அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் அது உட்காதின் சமநிலை உறுப்பில் உள்ள நுண்படிகங்கள் இடம் மாறியதால் வருவது. அதற்குத் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிச் செய்யும் எளிய சிகிச்சை உண்டு. நம் ஊரில் இதைக் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று கருதிப் பட்டை மாட்டிக்கொண்டு திரிபவர்கள் குறைவில்லை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு வியர்வை, கைநடுக்கம், பசியோடு கிறக்கம் வந்தால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். உடனே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், கருவி இல்லையெனில் இனிப்பு கொடுக்க வேண்டும். இரத்தசோகையும் காரணமாகலாம்.

பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு குடிப்பதால் பெரிய தீங்கில்லை, ஆனால் காரணத்தைத் தேடாமல் நாளைக் கடத்துவதுதான் தீங்கு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பீட்டாஹிஸ்டின், சின்னாரிசின் ஆகியவை உட்காது சார்ந்த சுழற்சிக்கானவை. நின்றால் அழுத்தம் சரிவதை அவை நிறுத்தா. சின்னாரிசினைப் பல மாதம் எடுக்கும் முதியவர்களுக்கு நடுக்குவாதம் போன்ற அறிகுறிகளே வரக்கூடும். உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு இன்னொரு வழக்கம். வெயிலில் வியர்த்து வற்றியவருக்கு ஒரு தம்ளர் உதவலாம். உயர் இரத்த அழுத்தக்காரர் அதைத் தினசரி மருந்தாக்கினால், ஒரு கையால் மாத்திரை போட்டு மறு கையால் அதை அழிப்பதாகும்.

அன்றாட வாழ்க்கையில் ஆபத்தான நேரங்கள்

மேலைநாட்டு மருத்துவக் கையேடுகள் நாற்காலியிலிருந்து மெதுவாக எழச் சொல்கின்றன. இங்கே வாழ்க்கை தரையோடு ஒட்டியது. மார்கழி விடியலில் குனிந்து கோலம் போட்டுவிட்டு நிமிரும் பெண், சம்மணமிட்டுச் சாப்பிட்டு எழுபவர், கோயிலில் விழுந்து வணங்குபவர், தொழுகையில் நெற்றி நிலம்பட்டு எழுபவர் ஆகிய எல்லாருக்கும் தலை தரைமட்டத்திலிருந்து ஆளுயரத்துக்கு ஒரே வீச்சில் வருகிறது. எல்லாவற்றிலும் கடினமானது குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. குத்தவைக்கும்போது தொடை மடிப்பில் இரத்தக் குழாய்கள் அழுந்தியிருக்கும்; எழுந்ததும் கால்களுக்கு இரத்தம் பாய்ந்து இறங்கும். அதோடு முக்குதலும் சேர்ந்தால் அழுத்தம் மேலும் சரியும். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துவதற்கு ஆகும் செலவு, இடுப்பெலும்பு அறுவைக்கு முன் ஒன்றுமே இல்லை. மேற்கத்திய இருக்கை இருந்தால் இந்த வாரங்களில் அதையே பயன்படுத்தலாம். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் சாத்தி வைப்பதில் கூச்சப்படுவோர் உண்டு; விழுந்தவரை மீட்கக் கதவை உடைக்க நேர்ந்த வீடுகளில் அந்தக் கூச்சம் இருக்காது.

இரவில் சிறுநீர் கழிக்க எழுவது அடுத்தது. தூக்கத்தில் அழுத்தம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். படுக்கை ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அசைத்துவிட்டு, எதையாவது பிடித்தபடி நின்று, பிறகு நடக்க வேண்டும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது பாதுகாப்பானது. கெண்டைக்கால் தசைகள் சுருங்கும்போது இரத்தத்தை மேலே தள்ளுவதால்தான் பாதத்தை அசைக்கச் சொல்வது.

நடந்துகொண்டிருப்பவரைவிட அசையாமல் நிற்பவருக்கே கிறுகிறுப்பு அதிகம். நியாயவிலைக் கடை வரிசை, வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், பீச்–தாம்பரம் மின்தொடர் வண்டியில் பல்லாவரம் வரை இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நிற்பது எல்லாம் இதில் அடங்கும். நிற்கும்போது தொடைகளைக் குறுக்காகப் பின்னி இறுக்குவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, கைகளைக் கோத்து இழுப்பது ஆகியவை அழுத்தத்தைச் சில நிமிடங்கள் தாங்கிப் பிடிக்கும். கண் இருட்டத் தொடங்கிவிட்டால் வெட்கம் பாராமல் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். முடிந்தால் படுத்துக் காலை உயர்த்தலாம். மேம்பாலப் படிக்கட்டுக்குச் சோம்பி தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது எவருக்கும் ஆகாதது. மாத்திரை தொடங்கிய வாரத்தில் சொல்லவே வேண்டாம். இருசக்கர வாகனத்தையும் கிறுகிறுப்பு தீரும் வரை ஓரமாக நிறுத்திவைப்பது நல்லது.

வயிறு நிறையச் சாப்பிட்டதும் குடலுக்கு இரத்தம் திரும்புவதால் முதியவர்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் அழுத்தம் குறையும். விருந்துச் சாப்பாடு முடித்துச் சட்டென்று எழுவதும், சாப்பிட்டதும் வெந்நீரில் குளிப்பதும் கூடா. சோற்றைக் குறைத்துப் பலமுறை சாப்பிடுவது உதவும்.

கத்திரி வெயில் இன்னொரு பருவம். மே மாதத்தில் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாள்களில், குழாய்கள் வெப்பத்தாலேயே விரிந்திருக்கும். வியர்வையில் உப்பும் நீரும் போய்க்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் சரியாக இருந்த மாத்திரை அளவு கோடையில் சிலருக்கு அதிகமாகிவிடுகிறது. இதய, சிறுநீரகக் கோளாறால் நீர் குடிப்பதற்கு வரம்பு விதிக்கப்படாதவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் நீரும் நீர்மோரும் குடிக்கலாம். நோன்பிருப்பவர்கள், அது ரமலான் ஆனாலும் சஷ்டி ஆனாலும், மாத்திரையின் நேரத்தையும் அளவையும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த நாளில் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதும், நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

மருத்துவர் செய்யக்கூடியவை

கிறுகிறுப்பைச் சொன்னால் மருத்துவர் கோபிப்பார் என்றோ, மாத்திரையைத் தொடரத்தான் சொல்வார் என்றோ நினைத்து மறைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவரிடம் வழிகள் பல: அளவைக் குறைத்தல், மருந்தின் வகையை மாற்றுதல், ஒரே நேரத்தில் விழுங்கும் இரண்டைக் காலையும் இரவுமாகப் பிரித்தல். பிரிட்டனில் சுமார் 21,000 பேரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியான ‘டைம்’ ஆய்வு, மாத்திரையைக் காலையில் எடுப்பதற்கும் மாலையில் எடுப்பதற்கும் மாரடைப்பு, பக்கவாதத் தடுப்பில் வேறுபாடில்லை என்று காட்டியது. ஆகவே நோயாளிக்குத் தோதான நேரத்தைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு.

இலக்கு எவ்வளவு என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ‘ஸ்பிரிண்ட்’ ஆய்வில், மேல் அழுத்தத்தை 120க்கும் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் இதய நோயும் இறப்பும் குறைந்தன. ஆனால் தாழ் அழுத்தமும் மயங்கி விழுதலும் சோடியம் போன்ற உப்புகளின் சமநிலைக் குலைவும் அதே குழுவில் கூடுதலாக இருந்தன. அறுபது வயதில் நடைப்பயிற்சி செய்பவருக்கும் எண்பத்தைந்து வயதில் சுவரைப் பிடித்து நடப்பவருக்கும் ஒரே எண்ணை இலக்காக வைப்பது பொருந்தாது. முகாமில் ஒரே ஒருமுறை பார்த்த அளவை வைத்துத் தொடங்கிய மாத்திரை என்றால், வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்த அளவுகளைக் காட்டி, அது தேவைதானா என்றே கேட்கலாம்.

பரிசோதனைக்குப் போகும்போது எழுதிக்கொண்டு போக வேண்டியவை சில: கிறுகிறுப்பு வந்த நேரம், மாத்திரை போட்டு எத்தனை மணி நேரத்தில் வந்தது, அப்போது நின்றிருந்தாரா படுத்திருந்தாரா, அந்நேரத்து அழுத்தமும் நாடியும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை

சில அறிகுறிகளை மாத்திரையின் பழக்கம் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சு குழறுதல், இரட்டையாகத் தெரிதல், நிற்கவே முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றோடு தலை சுற்றினால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரமே வரம்பு என்பதால், தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவிழந்து விழுதல், கறுத்த மலம், இதுவரை காணாத கடும் தலைவலி ஆகியவையும் அப்படியே. விழுந்து தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராயின், காயம் தெரியாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். 108ஐ அழைத்துவிட்டு வண்டி வருவதற்குள் வீட்டார் செய்யக்கூடிய பயனுள்ள வேலை, அந்த மாத்திரை டப்பாவை அப்படியே ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்வது.